நிறைவறிக்கை எழுதிய தம்பிக்கு



உங்கள் கல்லூரியின் விரிவாக்கப் பணி பற்றிய நிறைவறிக்கையைப் படித்தேன். மாலைநேரப் படிப்பு மையம் எதற்கு, ஊருக்குள் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் நாம் பேசிக்கொள்ள வேண்டியவை அல்ல. என்னை உறுத்தியது ஒரு சொல். "நிறுவனத்தின் நிதி திடீரென நின்றுபோனதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். எது திடீர்? 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. அதில் பல ஆண்டுத் திட்டம் என்றாலும், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றே முடியும் நாள் தெரியும். கார்த்திகை பிறந்ததும் திடீரென மழை வந்தது என்று யாராவது சொல்வார்களா?

அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. செலவுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். வேன் வாடகை, தன்னார்வலர்களுக்கு மதிப்பூதியம், பிள்ளைகளுக்குச் சுண்டல், ஒருங்கிணைப்பாளர் சம்பளம். வாரா வாரம் வேண்டியதையெல்லாம் வந்து போகிற பணத்தின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். ஒரு தடவை செய்தால் போதும் என்கிற புத்தகம், அலமாரி, உள்ளூர் ஆட்களுக்கான பயிற்சி ஆகியவற்றுக்குத் தொகையே இல்லை. நான் இதைத் தலைகீழாகப் போட்டிருப்பேன். நிதி நின்ற பிறகு திட்டத்தை எப்படி நடத்துவது என்று உங்கள் கடைசி அத்தியாயம் கேட்கிறது. முதல் பட்ஜெட் போட்ட மேசையிலேயே கேட்டிருக்க வேண்டியது அது. அந்த அத்தியாயத்தில் நீங்கள் கண்டிருக்கும் வழியோ இன்னொரு நிறுவனத்துக்கு விண்ணப்பம்!

பணம் தொடர்ந்திருந்தால் பணியும் தொடர்ந்திருக்கும் என்பீர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அரசுப் பணம் வருகிறது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். ஓர் அணி போனால் அடுத்த அணி சேர்வதால் கல்லூரிக்குள் அது ஆட்டம் காணாமல் நிற்கிறது. ஊரின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. ஏழாம் நாள் பேனரைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறிய பின் பல ஊர்களில் மிஞ்சுவது வெள்ளையடித்த பள்ளிச் சுவரும், நட்ட கன்றுகளில் ஆடு விட்டுவைத்ததும்தான். பணம் நிற்கவில்லை, பணி நின்றுவிட்டது.

மறுபக்கம், 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லை. எழுத்தோடு சைக்கிளும் பெண்களிடம் போனது; ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். இயக்கம் அடங்கியபின், இத்தகைய இயக்கம் நடந்த பல மாவட்டங்களைப் போலவே, எழுத்து பலருக்குக் கை நழுவியது. சைக்கிளை யாரும் மறக்கவில்லை. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அது அவர்களுக்கே வேண்டியிருந்தது. இதனால்தான் நீங்கள் பக்கத்துக்குப் பக்கம் எழுதும் "பயனாளிகள்" என்ற சொல் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பயனாளியிடம் யாரும் அலமாரிச் சாவியைக் கொடுப்பதில்லை. எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் சாவி யாரிடம் என்று கேட்பது என் பழைய வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையில் சாவி கல்லூரியில் இருக்கிறது. வேன் வராத நாளில் புத்தகமும் இல்லை.

கூலிக்குப் போகிறவர்களிடம் இலவச உழைப்பைக் கேட்பது நியாயமா என்பது வலுவான மறுப்பு. நியாயமில்லைதான். அதனால்தான் வேலையைச் சுருக்கச் சொல்கிறேன். ஐந்து நாள் நடந்த மையம் இரண்டு நாள் நடக்கட்டும். அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். அரசிடம் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை என்பவர்களுக்கு ஹோசங்காபாத் இருக்கிறது. 1972-இல் அங்கே 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், பல்கலைக்கழக ஆசிரியர்களின் துணையோடு அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே வேரூன்றி, தனித் தேர்வுமுறை வரை போனது. 2002-இல் மத்தியப் பிரதேச அரசின் ஓர் உத்தரவில் முடிந்தது. அரசும் ஒரு புரவலர்தான், தவணை கொஞ்சம் நீளம்.

கல்லூரிக்குள் இருக்கிற பணமில்லாத வளத்தை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. இளநிலைப் படிப்பில் பகுதி ஐந்து என்று விரிவாக்கப் பணிக்குக் கிரெடிட் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரி ஷெப்பர்ட் என்ற பெயரில் கிராமப் பணியைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியது. பாடத்திட்டத்தில் ஏறிய வேலையை எந்தப் புரவலரும் நிறுத்த முடியாது. கட்டாயப்படுத்தினால் ஈடுபாடு வராது என்பார்கள். மதிப்பூதியம் தந்தபோது வந்ததும் முழுக்க ஈடுபாடு என்று சொல்ல மாட்டேன். கல்லூரிகளைத் தரம்பார்க்கும் நாக் மதிப்பீடு வேறு, விரிவாக்கத்தையும் எண்ணிப் பார்க்கிறது. எண்ணிக்கை என்றதும் பழைய மையத்தின் நாலாம் ஆண்டைவிடப் புது முகாமின் தொடக்க விழாவே நிர்வாகத்துக்கு இனிக்கும். அந்த இழுப்புக்கு எதிராகத்தான் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். பின்னிணைப்பில் இருக்கும் வருகைப் பதிவு அருமையான வேலை. எத்தனை பேர் வந்தார்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள்; நீங்கள் வராததற்குக் காரணம் எழுதியிருக்கிறீர்கள். கடலை பறிப்பு, கோயில் கொடை, அம்மாவுக்குக் காய்ச்சல். விரிவாக்க அறிக்கைகளில் இவ்வளவு நேர்மையான பக்கங்கள் அபூர்வம். அதே பக்கத்தில், செமஸ்டர் தேர்வுக்காக உங்கள் மாணவர்கள் வராத மூன்று வாரமும் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி தானே சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததாக ஒரு வரி வருகிறது. அதை "இடர்ப்பாடுகள்" என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டீர்களே! அறிக்கை முழுக்க நீங்கள் தேடிய ஆள் அவள்தான். அந்தப் பெண் இந்நேரம் பள்ளிப்படிப்பை முடித்திருப்பாள். அவளுக்குப் பிறகு யார் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் இப்போது எங்கே கூடுகிறார்கள் என்று ஒரு நடை போய் விசாரித்து எழுதுங்கள். அறிக்கை வேண்டாம், ஒரு கார்டு போதும். போகும்போது அலமாரிச் சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.