பந்தம் என்னும் அதிசாரமும் வெள்ளைச் சுறாவும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அதற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்களும் ஐந்து. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், ஊணும் நீரும் மறுத்தல் என நம் பாடசாலைச் சிறுவர்கள் விரல்விட்டுச் சொல்லுவர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவற்றை இம்முறையில் வைத்துள்ளது. தமிழில் அருங்கலச்செப்பும் இவற்றைக் கூறும். பின்னுள்ள நான்கிற்கும் விளக்கம் வேண்டுவதில்லை. அடியும் பசியும் எவர்க்கும் தெரியும். முதலில் நிற்கும் 'பந்தம்' மட்டும் பாடத்தில் எளிதில் ஏறுவதில்லை. கட்டினால் உயிர் போகவில்லையே, குருதி சிந்தவில்லையே, அதனை ஏன் முதலில் வைத்தார்கள் என்று கேட்பர். மாட்டைக் கட்டாமல் உழவு உண்டா என்று கரிசற்காட்டுப் பிள்ளைகள் கேட்பது இன்னும் நேரான கேள்வி.

பூஜ்யபாத ஆசாரியர் தமது சர்வார்த்தசித்தியில் இச்சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, கயிற்றையோ சங்கிலியையோ இலக்கணமாகக் கொள்ளவில்லை. ஓர் உயிர் தான் விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாமல் தடுப்பதற்குக் காரணமாவது எதுவோ அதுவே பந்தம் என்பது அவர் கருத்து. இவ்விலக்கணத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வேலியும் கூண்டும் இதனுள் அடங்கும். கண்ணாடியும் அடங்கும். உழவுமாட்டைப் பற்றியும் பெரியோர் சொல்லியிருக்கின்றனர்: இல்லறத்தான் கட்டியே தீரவேண்டுமாயின் இறுக்காமல், தீப்பற்றினால் கணத்தில் அவிழ்க்கத்தக்க முடிச்சாகக் கட்டுக என்பர். ஆகவே தொழிலின் பொருட்டுக் கட்டுவதற்கே இத்துணைக் கவனம் வேண்டும். காட்சியின் பொருட்டுக் கட்டுவதை என்னென்பது?

இவ்வினாவை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து நம் குடும்பத்தார் பேருந்து அமர்த்திக்கொண்டு கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்கு வருகின்றனர். தரிசனம் முடிந்ததும் தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்திற்கோ பயணம் தொடர்கிறது. வழியில் மீன் காட்சியகம் இருந்தால் பிள்ளைகள் இறங்கவேண்டும் என்கின்றனர். சென்னையில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறக்கப்பட்ட பெரிய கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில், தலைக்கு மேல் மீன்கள் நீந்தக் கண்ணாடிச் சுரங்கத்தின் வழியே நடந்து வரலாம். அங்குப் போகலாமா, கூடாதா என்று பெற்றோர் கேட்கின்றனர். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறாமல், மீன் காட்சியகங்கள் எல்லாவற்றையும் தோற்கடித்த ஓர் உயிரின் வரலாற்றை முதலில் பார்ப்போம். அது பெரும் வெள்ளைச் சுறா.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் கற்பித்தலின் முதல் விதியாதலால், நம் கண்மாயிலிருந்தே தொடங்குவோம். பங்குனி, சித்திரையில் கரிசற்காட்டுக் கண்மாய்கள் வற்றி, கடைசிக் குழியில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது, கெண்டை மீன் ஓரிடத்தில் அசையாமல் நின்றுகொண்டு வாயைத் திறந்து மூடுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பர். அது வாயால் நீரை இழுத்துச் செவுள் வழியே வெளியேற்றி மூச்சு விடுகிறது. வெள்ளைச் சுறாவால் அவ்வாறு நின்றபடி மூச்சுவிட இயலாது. வாயைச் சிறிது திறந்தபடி அது முன்னோக்கி நீந்தினால்தான் செவுளில் நீர் பாயும். அதற்கு நீச்சலும் மூச்சும் வேறல்ல. வளர்ந்த சுறா 4 மீட்டர் முதல் 5 மீட்டர் நீளமும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. அது முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுவது. நம் சாத்திர வழக்கில் கருப்பிறப்புடைய, மனமுள்ள ஐம்பொறி உயிர். நற்காட்சி பெறவும், அணுவிரத நிலையாகிய ஐந்தாம் குணத்தானம் வரை உயரவும் இத்தகைய விலங்குகளுக்குத் தகுதி உண்டு என்பது நம் சமயக் கொள்கை. சமவசரணத்தில் விலங்குகளுக்கும் ஓர் அவை அமைந்திருப்பதை நினைவுகூர்க.

இவ்வுயிர் விரும்பிச் செல்லும் இடம் எத்துணைத் தொலைவிலுள்ளது? தென்னாப்பிரிக்கக் கரையில் 2003-இல் ஒரு பெண் சுறாவின் முதுகுத் துடுப்பில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவியைப் பொருத்தினர். அது 99 நாள்களில் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் கடந்து ஆஸ்திரேலியக் கரையை அடைந்தது. மறு ஆண்டிலேயே தென்னாப்பிரிக்கக் கரையில் மீண்டும் காணப்பட்டது. ஒன்பது மாதங்களுக்குள் போகவரச் சுமார் 20,000 கிலோமீட்டர். பூஜ்யபாதர் கூறிய இலக்கணத்தை இவ்வுயிருக்குப் பொருத்திப் பாருங்கள்.

இதனைத் தொட்டியில் வைக்க மனிதர் அரை நூற்றாண்டுக்கு மேல் முயன்றனர். 1955-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வைத்த சுறா ஒரு நாள்கூட முழுதாக வாழவில்லை. 1980-இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்திற்கு ஒரு சுறாவைக் கொண்டுவந்தனர். வட்டத் தொட்டியில் சுற்றி வந்த அது ஒரே ஓர் இடத்தில் மட்டும் மீண்டும் மீண்டும் சுவரில் மோதிற்று. காரணம் ஆராய்ந்தபோது, அவ்விடத்தில் மிக நுண்ணிய மின்னழுத்த வேறுபாடு இருப்பது புலனாயிற்று. மனிதக் கைக்கு அது தெரியவே தெரியாது. சுறாவின் மூக்குப் பகுதியிலோ மின்னோட்டத்தை உணரும் நுண்துளைகள் நிறைந்துள்ளன. கடலில் இரையின் இதயத்துடிப்பையும் அது அவற்றால் அறியும். நாம் வெறும் சுவர் என்று கட்டியது அதற்கு ஓயாத கூச்சலாக இருந்தது போலும். மூன்றாம் நாள் அதனைக் கடலில் விட்டுவிட்டனர். கட்டுவோன் தான் கட்டியது என்னவென்று முழுதும் அறியான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை யாம் கண்டதில்லை.

1981-இல் சான் டியாகோவில் 16 நாள். 1984-இல் கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடாக் காட்சியகத்தில் 11 நாள். பெரும்பாலானவை உணவைத் தொடவில்லை. ஊண் மறுத்தல் ஐந்தாம் அதிசாரம் என்று படித்தோம். இங்கே ஊண் கொடுத்தும் கட்டுண்ட உயிர் தானே மறுத்தது. முதல் அதிசாரம் ஐந்தாவதைத் தன்னுடன் இழுத்து வருகிறது.

மான்டெரே காட்சியகத்தார் இருபது ஆண்டு கழித்து, 2004-இல், வேறு முறையை மேற்கொண்டனர். மீனவர் வலையில் தற்செயலாகச் சிக்கிய சிறு பெண் சுறாவைக் கடலிலேயே அமைத்த பெரிய வலைப்பட்டியில் சில வாரம் வைத்து, அது உண்ணத் தொடங்கிய பின்னரே, ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு மாற்றினர். அது 198 நாள் வாழ்ந்தது. எடை இரு மடங்குக்கு மேல் கூடிற்று. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கண்டனர். பின்னர் உடனிருந்த வேறு இரண்டு சுறாக்களை அது கடித்துக் கொன்றது. 2005 மார்ச்சு இறுதியில் கடலில் விட்டனர். 2011 வரை ஆறு சுறாக்களை இவ்வாறு வைத்துப் பார்த்தனர். கடைசிச் சுறாவை 55 நாள் வைத்திருந்து விட்டபின் அது இறந்தது. முயற்சியும் அத்துடன் நின்றது. ஜப்பானின் ஒகினாவாவில் 2016 சனவரியில் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஆண் சுறாவை வைத்தனர். மூன்றே நாளில் இறந்தது.

மான்டெரேக்காரரை வெறுமனே பழிப்பது முறையன்று. சுறா துன்புறுவதாகக் கண்டால் விட்டுவிடுவது என்னும் துணிவோடு அவர்கள் தொடங்கினர். பெரியோர் கூறிய தளர்ந்த முடிச்சு அது. ஆயினும் முடிச்சு முடிச்சே.

சுறா கொடிய விலங்கு. அதற்கு இரங்குவானேன் என்பாரும் உளர். நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1990-களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த 'டால்பின் சிட்டி' என்னும் பூங்காவிற்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்து வித்தை காட்டச் செய்தனர். டால்பின் எவரையும் அச்சுறுத்தாத உயிர். அவையும் சில மாதங்களில் மாண்டன. 2013 மே மாதத்தில் நடுவண் அரசு, டால்பின் காட்சியகங்களுக்கு இந்தியாவில் அனுமதி இல்லை என்று சுற்றறிக்கை விடுத்தது.

இவையெல்லாம் விரைவில் இறந்தவை. இறந்ததால்தான் குற்றம் என்று தோன்றக்கூடும். ஆகவே இறவாத ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் கடினமான பாடம் இதுவே. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை மீனவர் 'ஆவுளியா' என்றழைக்கும் கடற்பசு கடற்புல்லை மட்டும் மேயும் பாலூட்டி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தொட்டியில் 1959-இல் ஆணும் பெண்ணுமாக இரண்டு ஆவுளியாக்களை வைத்தனர். அங்கு அவை ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் வாழ்ந்தன. உணவு கடற்புல், அவற்றிற்காக ஒரு மீனும் கொல்லப்படவில்லை. ஆராய்ந்தோரும் அன்பாகவே பேணியிருப்பர். அடியில்லை, வெட்டில்லை, சுமையில்லை, பட்டினியில்லை. நான்கு அதிசாரங்களும் நீங்கிய பின் எஞ்சி நிற்பது எது? பந்தம் ஒன்றே. அந்த ஒன்று தனித்து நின்றாலும் குற்றம்தானா என்பதே கேள்வி. ஆம் என்பதே யாம் கொள்ளும் விடை. தனித்து நின்றாலும் குற்றம் என்பதனாலன்றோ அதற்குத் தனிப்பெயரும் தனியிடமும் தந்தனர்.

நேமிநாத சுவாமியின் வரலாறும் இதனையே காட்டுகிறது. திருமலையில் சிகாமணிநாதராக ஓங்கி நிற்கும் பெருமான் இராசமதியை மணக்கத் தேரேறி வந்தபோது கண்டது கொலைக்களத்தை அன்று. பட்டியில் அடைபட்டுக் கதறிய விலங்குகளை. கத்தி இன்னும் எடுக்கப்படவில்லை. விருந்துக்கென அடைத்திருக்கிறார்கள் என்று கேட்ட அளவில் தேரைத் திருப்பினார். கழுகுமலைப் பாறையில் சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் அம்பிகை அப்பெருமானின் இயக்கி. அடுத்த முறை அங்கு நிற்கும்போது இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அம்மலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் பல உள்ளன என்பதையும் பெண்மக்களுக்குச் சேர்த்துச் சொல்லுக.

அறிவு வளர்கிறதே என்பது அடுத்த தடை. அதில் உண்மை உண்டு. மண்டபத்தில் ஆவுளியாவைக் குறித்துப் பல செய்திகள் அறியப்பட்டன. ஆயினும் வெள்ளைச் சுறா இரு கண்டங்களுக்கிடையே சென்று வருவது எதனால் தெரிந்தது? கட்டுண்ட சுறாவால் அன்று, கடலில் திரிந்த சுறாவால். தமிழ்நாட்டு அரசும் 2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தொட்டியைப் பெரிதாக்காமல் கடலையே விட்டுவைத்தனர். வலையில் சிக்கிய ஆவுளியாவை அவிழ்த்துவிடும் மீனவர்க்கு வனத்துறை பரிசளிக்கிறது. மீன்பிடித்தலைத் தொழிலாகக் கொண்டவர் அவிழ்க்கின்றனர். அணுவிரதியர் சீட்டு வாங்கிப் பார்க்கச் செல்கின்றோம்.

சீட்டு என்றதும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றும் நினைவிற்கு வரவேண்டும். தொட்டி கட்டியவர் செய்தவர். கட்டணம் செலுத்துவோர் உடன்பட்டவர். சுயம்பூரமணக் கடலில் பெருமீனின் காதில் வாழும் அரிசியளவு மீனின் கதையை நம் பாட்டிமார் சொல்லுவர். வாய்க்குள் வந்து போகும் மீன்களையெல்லாம் இப்பெருமீன் விழுங்காமல் விடுகிறதே, யானாயின் ஒன்றையும் விடேன் என்று நினைத்த அளவிலேயே அது ஏழாம் நரகம் சென்றது. கூட்டம் இல்லையேல் சுறாத் தொட்டியும் இல்லை.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும்போது நம் பிள்ளையை மட்டும் வீட்டில் நிறுத்தி அழவிடவேண்டும் என்று யாம் சொல்லோம். அது வேறொரு கட்டு. சென்று வரட்டும். மீன் எந்தப் பக்கமாகச் சுற்றிற்று, எங்கே திரும்பிற்று, எதை உண்டது என்று வந்தபின் கேட்டால் போதும். குடும்பமாக நாமே திட்டமிட்டுச் செல்லும் பயணத்திலோ மீன் காட்சியகத்தைத் தவிர்ப்பதே முறை.

அதைவிட அருகிலுள்ள ஒன்றையும் சொல்லவேண்டும். இப்போது நம்மவர் வீடுகளின் கூடத்திலேயே வாஸ்து மீன் என்று ஒன்று கண்ணாடித் தொட்டியில் சுற்றுகிறது. இரவில் உண்ணாத வீட்டில், பச்சைத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் வீட்டில், அம்மீனுக்காகச் சிறு மீனும் புழுவும் விலைக்கு வாங்கப்படுகின்றன. செல்வம் வரும் என்கின்றனர். நம் சமயத்தில் இதற்கு இடமே இல்லை. வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே கண்மாயிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடவும் கூடாது. ஒன்று அது சாகும். அல்லது அங்குள்ள மீன்களை அழிக்கும். உள்ளதை இயன்ற அளவு பெரிய தொட்டியில், தூய நீரில், அதன் ஆயுள் முடியும் வரை பேணுக. புதிதாக ஒன்றை வாங்கற்க. பரிசாகக் கொடுக்கவும் வேண்டா.

பாடசாலை ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் கேட்கச் சில வினாக்கள்: கிளியைச் சிறகு நறுக்கிக் கூண்டில்லாமல் வீட்டில் உலவவிட்டால், அங்கு நிகழும் அதிசாரங்கள் எத்தனை? பாலுக்காகப் பசுவைக் கட்டுவதற்கும் காட்சிக்காக ஆவுளியாவை அடைப்பதற்கும் வேறுபாடு உண்டா? காலொடிந்த கொக்கைக் குணமாகும் வரை கூடையில் மூடிவைத்தால் அது பந்தமாகுமா? மூன்றாவதற்குப் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவர், தடுக்க வேண்டா.