உயிலுக்கு வாட்ஸ்அப் போதாது, இரண்டு சாட்சி வேண்டும்

பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி எல்லாம் இப்போது செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. உயிலையும் அப்படியே முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். "எனக்கு அப்புறம் வீடு உங்க அம்மாவுக்குத்தான்" என்று பிள்ளைகளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டா போதுமா? போதாது. மின்னணு ஆவணங்களுக்கு ஏற்பு தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, உயிலுக்கு அந்த ஏற்பைத் தரவில்லை. காகிதமும் கையெழுத்தும் வேண்டும்.

"நமக்கு என்ன பெரிய சொத்து பத்தா இருக்கு?" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரே ஒரு வீடு வாங்கிய இந்து ஆண் ஒருவர். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், கணவரை இழந்த தாய். அவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி வீடு நான்கு சம பங்காகிறது. தாய்க்குக் கால் பங்கு. பிறகு தாயும் உயில் எழுதாமல் காலமானால், அந்தக் கால் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் உரிமை வந்துவிடும். அப்புறம் வீட்டை விற்க வேண்டுமானால், கொழுந்தனார், நாத்தனார் கையெழுத்தும் வேண்டும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சட்டம் பிரிக்கும் விதம் அது.

"பேங்க்ல நாமினி போட்டாச்சே" என்பார்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். உரிமையாளர் அல்ல.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். (முஸ்லிம்களுக்கு விதிகள் வேறு: வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.) சர்வே எண், கதவு எண், பத்திர எண் பிழையில்லாமல் இருக்கட்டும். இதற்குச் செல்போனில் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்து எழுதுங்கள்.

கவனமாகச் செய்ய வேண்டியது சாட்சி விஷயம். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு பேர், உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். பதிவு அலுவலக வாசலில் நிற்கிறவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால், இருபது வருஷம் கழித்து அவரை எங்கே போய்த் தேடுவது? உங்களைவிட வயதில் இளையவராக, குடும்பத்துக்குத் தெரிந்தவராக, உயிலில் பங்கு பெறாதவராகப் பாருங்கள்.

பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் செய்வது நல்லது. தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நடமாட முடியாதவர்களுக்கு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் புதிதாக எழுதலாம். கடைசியாக முறைப்படி எழுதியதுதான் செல்லும்.

நீங்கள் உயிரோடு இருக்கும்வரை பதிவான உயிலின் நகல் உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ மட்டும்தான் தரப்படும். காலத்துக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழுடன் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்த சார்பதிவாளர் அலுவலகம், எந்த ஆண்டு என்பதையாவது வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.