இரண்டு ஆண்டு பொறித்த கைத்துவக்கு

அன்புள்ள பெறாமகனுக்கு,

நீ அனுப்பிய நான்கு படங்களையும் கைபேசியில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் கிடக்கும் லூகர் கைத்துவக்கில் 1917 என்று ஓர் ஆண்டு, அதற்கு மேலே 1920 என்று இன்னோர் ஆண்டு. "பெரியப்பா, இதில எது சரி?" என்று கேட்டிருக்கிறாய்.

பதில் எழுத இரண்டு நாள் யோசித்தேன். போர்க்காலத்தில், சத்தத்தைக் கேட்டே துவக்கின் வகையைச் சொல்லக்கூடிய பிள்ளைகள் வளர்ந்த ஊர் எங்கள் யாழ்ப்பாணம். உன் அப்பா பதினெட்டு வயதில் இங்கிருந்து வெளிக்கிட்டதும் அந்தச் சத்தத்தால்தான். ஆனால் நீ சுடுவதைப் பற்றிக் கேட்கவில்லை, ஒரு பொருளின் வயதைப் பற்றிக் கேட்கிறாய். பழைய காசு சேர்ப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு எனக்கு மறுமொழி இருக்கிறது.

இரண்டும் சரி. 1917 அது செய்யப்பட்ட ஆண்டு. முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியில் ஆட்களின் கையில் ஏராளமான படைக்கருவிகள் தங்கிவிட்டன. 1920இல் அரசு அவற்றைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. எது ஆட்களுடையது, எது படையினுடையது என்று பிரித்தறிய, தன்னிடம் இருந்தவற்றின் மேல் படை 1920 என்று பொறித்தது. அதாவது முதலாவது பிறந்த ஆண்டு, இரண்டாவது உடைமை ஆண்டு. இது தெரியாதவன் 1920இல் செய்த துவக்கு என்று எழுதிவைத்துவிடுவான்.

இனி அந்தத் துவக்கைக் கொஞ்சம் வடிவாய்ப் பார். மேலே முழங்கால் மாதிரி மடங்கி எழும்பும் பகுதியில் பின்னிப் பிணைந்த எழுத்துகள் இருக்கும். அது டி.டபிள்யூ.எம். என்ற பேர்லின் நிறுவனத்தின் முத்திரை. கிரீடமும் அதன் கீழ் எர்ஃபுர்ட் என்ற ஊர்ப்பெயரும் இருந்தால் அரச ஆயுதசாலையில் செய்தது. ஹூகோ போர்ஷார்ட் செய்த பெரிய கைத்துவக்கைக் கியோர்க் லூகர் திருத்திச் சிறிதாக்கினார். சுவிஸ் படை 1900இலும், ஜேர்மன் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் அதை எடுத்துக்கொண்டன. பி.08 என்ற பெயரில் உள்ள எட்டு அந்தக் கடைசி ஆண்டுதான். ஆகவே பி.08 என்றவுடன் 1908இல் செய்தது என்று நினைத்துவிடாதே.

இலக்கத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். படைக்கு என்று செய்தவற்றில் ஒவ்வோர் ஆண்டும் இலக்கம் ஒன்றிலிருந்து தொடங்கும். 10,000ஐத் தொட்டதும் பக்கத்தில் ஏ என்ற சிறிய எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். பிறகு பி, பிறகு சி. எனவே 4312 என்று மட்டும் குறித்துவைத்தால் ஒரு பயனும் இல்லை. ஆண்டு, இலக்கம், எழுத்து மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு தனித் துவக்கு. சின்னச் சின்ன உறுப்புகளில் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை பொருந்தாவிட்டால் எங்கேயோ எப்போதோ உறுப்பு மாறியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1930க்குப் பிந்திய கதை. அந்த ஆண்டில் லூகர் செய்யும் வேலை பேர்லினிலிருந்து நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபெர்ன்டோர்ஃப் ஊரின் மௌசர் தொழிற்சாலைக்குப் போனது. வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் படைக்கருவி உற்பத்தியைக் கட்டிப்போட்டிருந்த காலம். ஒளித்துச் செய்ததால் மௌசர் என்ற பெயரின் இடத்தில் எஸ்/42 என்ற குறி. ஆண்டின் இடத்தில் 1934க்குக் கே, 1935க்கு ஜி. 1935 மார்ச்சில் ஹிட்லரின் அரசு உடன்படிக்கையை வெளிப்படையாகத் தூக்கி எறிந்தது. 1936இலிருந்து துவக்கில் ஆண்டு மீண்டும் முழுதாக வந்துவிட்டது. ஒரு நாடு எப்போது ஒளித்தது, எப்போது ஒளிப்பதை நிறுத்தியது என்பதை அந்த இரண்டு எழுத்துகளே சொல்கின்றன. பிறகு எஸ்/42 என்பது 42 ஆகி, 1941இல் பி.வை.எஃப். ஆனது.

நிறமும் ஆண்டு சொல்லும். முந்தியவற்றில் விசை போன்ற சிறு உறுப்புகள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். 1937இல் மௌசர் உப்புக் குளியல் முறைக்கு மாறியபின் அவையும் கருநீலமாகிவிட்டன. அந்தப் பழைய பூச்சு மங்கிக் கிடக்கிறதே என்று யாராவது புதிதாக நீலம் ஏற்றினால் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

இதை நான் என் கையாலேயே படித்தேன். பத்து வயதில் அப்பாச்சியின் கொட்டப்பெட்டியிலிருந்து தடித்த செப்புக் காசு ஒன்று எனக்குக் கிடைத்தது. குத்துவிளக்கு மினுக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மினுங்கியது. ஆண்டின் கடைசி எண்ணும் பக்கத்திலிருந்த எழுத்தும் போய்விட்டன. ஒல்லாந்தர் 1780களிலும் 1790களின் முற்பகுதியிலும் இலங்கையிலேயே அடித்த ஸ்டைவர் காசு அது என்று பின்னாளில் அறிந்தேன். கொழும்பில் அடித்ததற்குச் சி, காலிக்கு ஜி, திருகோணமலைக்கு டி, யாழ்ப்பாணத்துக்கு ஐ. என் காசில் இருந்தது எந்த எழுத்து என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அறுபது வருடம் கழிந்தும் எனக்கு அது மனவருத்தம்தான்.

உன் 1920 போல எங்களிடமும் ஏமாற்றும் ஆண்டு உண்டு. நாங்கள் துட்டு என்கிறோமே, அது ஒல்லாந்தரின் டொய்ட் என்ற காசுப் பெயர்தான். அதில் 1790 என்று பொறித்திருப்பவை எல்லாம் 1790இல் அடித்தவை அல்ல. அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பனி கலைந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகும் ஜாவாவுக்காக அதே பழைய ஆண்டைப் போட்டு அடித்தார்கள். இன்னொரு பக்கம், யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசில் ஆண்டே இல்லை. படுத்திருக்கும் நந்தியும் சேது என்ற சொல்லும்தான். அதை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையது என்றும் எழுதினார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையது என்று வாதாடியவர்களில் நல்லூர் ஞானப்பிரகாசர் சுவாமிகள் முக்கியமானவர். இப்படியான காசுக்கு அது கிடைத்த இடம்தான் பாதிச் சான்று. எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது என்று எழுதி வைக்காமல் விற்றுவிட்டால் அந்தச் சான்று அழிந்துபோகும்.

துவக்குக்கும் அப்படியே. 1945இல் அமெரிக்கப் படையினர் வீட்டுக்குக் கொண்டுபோன லூகர்களில், மேலதிகாரி கையொப்பமிட்ட அனுமதித் துண்டுடன் இருப்பவற்றைத்தான் சேர்ப்பவர்கள் தேடுகிறார்கள். இங்கேயும் 1995 ஒக்டோபரில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் எல்லோரும் ஒரே இரவில் நடந்துபோனபோது, பெட்டிகளோடு பொருள்களின் கதையைச் சொல்லும் இப்படியான துண்டுகளும் வீடுகளில் நின்றுவிட்டன. ஆகவே நீ எதைச் சேர்த்தாலும் முதலில் ஒரு கொப்பி வாங்கு.

வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பது என் எண்ணம். நீங்கள் இருக்கும் ஜேர்மனியில் துவக்குச் சேர்ப்பவர்களுக்குச் சிவப்பு உரிம அட்டை உண்டு. ஆனால் உன் சேகரிப்பு பண்பாட்டு வரலாற்று முக்கியத்துவம் உடையது என்று நிறுவ வேண்டும். முதல் உரிமத்துக்குப் போகிறவர் 25 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பொதுவாக உளத்தகுதிச் சான்றும் கேட்பார்கள். அதைவிட, ஒரு துவக்கை வீட்டில் வைத்தால் அதைப் பூட்டிக் காப்பதே வாழ்நாள் வேலையாகிவிடும். முத்திரைகளைச் சேர்; படம் எடு, வரைந்து வை. ஓபெர்ன்டோர்ஃபிலும் சூல் நகரிலும் ஆயுத அருங்காட்சியகங்கள் உண்டு. இங்கே வரும்போது யாருடைய காணியிலாவது துருப்பிடித்த இரும்பு ஏதும் கண்டால் கிட்டப் போகாதே, உடனே பெரியவர்களிடம் சொல். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய் என்று உன் அம்மா சொன்னா. நாவலர் வீதி அருங்காட்சியகத்து வாசலில் கோட்டையிலிருந்து வந்த இரண்டு ஒல்லாந்துப் பீரங்கிகள் கிடக்கின்றன. ஒல்லாந்தர் தங்கள் பீரங்கிகளில் கும்பனி முத்திரையோடு அனுப்பிய நகரத்தின் முதல் எழுத்தையும் பொறிப்பது வழக்கம்: அம்ஸ்டர்டாமுக்கு ஏ, டெல்ஃப்டுக்கு டி, ஹோர்னுக்கு எச். துருவுக்குள் ஏதாவது எழுத்து மிஞ்சியிருக்கிறதா என்று இருவரும் பார்ப்போம். பொழுதுபடுகிற நேரம் போனால் நல்லது, பக்கவாட்டில் சரிவாய் வெளிச்சம் அடித்தால்தான் பள்ளம் தெரியும். வரும்போது நல்ல டோர்ச் ஒன்று கொண்டுவா.

அன்புடன்,
பெரியப்பா