கப்பலில் இஸ்திரிப் பெட்டி கிடையாது

கப்பல் பயணத்துக்குத் துணி எடுத்து வைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இஸ்திரிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமரையும்தான். சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் இரண்டையும் தடை செய்திருக்கின்றன. ஏறும்போது நடக்கும் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தருவார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் வெளியே ஓட இடமில்லை. மறந்துபோய்ப் படுக்கைமேல் வைத்த ஒரு சூடான பெட்டி போதும், ஆயிரக்கணக்கானவர்களின் உயிர் ஆபத்தில் சிக்கிவிடும். எனவே இந்த விதியோடு வாதாட வேண்டாம். இஸ்திரி இல்லாமல் எப்படி நாலு நாள் கசங்காமல் உடுத்துவது என்று பார்ப்போம்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கப்பல் பயணம் இப்போது வெறும் பேச்சு இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டிலியா என்ற சுற்றுலாக் கப்பல் ஓடத் தொடங்கியபோது அதை நம் கரைக்கு வர அரசு அனுமதிக்கவில்லை. 2025 ஜூலையில் வந்தது. கரையை நெருங்காமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. பயணிகள் சிறு படகுகளில் ஏறி உப்பளம் துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்த்தார்கள். நம்மூரிலிருந்து கப்பலேற நினைப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போய்ச் சென்னையில்தான் ஏற வேண்டும். அதாவது கப்பலைப் பார்ப்பதற்கு முன்பே, மூன்று மணி நேரம் காரிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்து வேர்வையில் துணி பாதி கசங்கிவிடும்.

துணி கசங்குவதற்குக் காரணம் மடிப்பு மட்டும் என்று நினைக்கிறோம். மடிப்போடு ஈரமும் சேர்ந்தால்தான் கசங்கல் நிலைத்துவிடுகிறது. பருத்தி இழையின் மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் அவிழும். காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகிக்கொள்ளும். வேர்வையோடு உட்கார்ந்து எழுந்தால் முழங்காலுக்குப் பின்னால் கோடு கோடாக விழுவது இதனால்தான். தண்ணீர் தெளித்துச் சூடான பெட்டியை இழுக்கும்போதும் இதுவே நடக்கிறது. அங்கே துணி தட்டையாக இருக்கும்போது காய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் எல்லாமே தானாகப் புரியும்.

எந்தத் துணி? என் முதல் தேர்வு க்ரேப். நூலை மிக இறுக்கமாக முறுக்கி நெய்வதால் அது சுருள்வில் மாதிரி. மடித்துப் பிரித்தாலும் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். சொல்லே பிரெஞ்சுதான், சுருண்டது என்று பொருள். நம் ஊர்க் கஃபேக்களில் அதே பெயரில் தோசை மாதிரி ஒன்று தருகிறார்களே, அதே சொல். புடவை கட்டுபவர்களுக்கு மைசூர் சில்க்கை மிஞ்ச ஒன்றுமில்லை. க்ரேப் வகைப் பட்டான அது கப்பல் விருந்துக்கும் பொருந்தும், பெட்டியில் இடமும் அடைக்காது. விலை அதிகம் என்றால் ஜார்ஜெட் எடுங்கள். பாலியெஸ்டர் ஜார்ஜெட் கசங்குவதே அபூர்வம். ஆனால் கடற்காற்றின் புழுக்கத்தில் பகல் நேரத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதை ஏ.சி. ஓடும் மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிப் பட்டு கனமானது, கசங்கலும் குறைவு. ஆனாலும் கப்பலுக்கு வேண்டாம் என்பேன். நெருக்கிய பெட்டிக்குள் ஒரே மடிப்பில் அழுந்திக் கிடந்தால் ஜரிகை அந்த இடத்திலேயே விட்டுப்போகும். கல்யாணமே கப்பலில் என்றால் மட்டும் எடுத்துப் போகலாம்.

பருத்தியைக் கைவிடச் சொல்ல இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் மனம் வராது. பழையவர்கள் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. மில் 1898இல் தொடங்கி 2020இல் மூடப்படும்வரை எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த நூலால்! பருத்தி எடுத்துப் போங்கள், ஆனால் தெரிந்து எடுத்துப் போங்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த மதுரைச் சுங்குடியில் சின்னச் சின்னச் சுருக்கம் இருப்பதே அழகு. புதிதாக விழும் கசங்கல் அதில் தெரியாது. பூப்போட்டதும் கட்டம் போட்டதும் கசங்கலை மறைக்கும். வெளிர்நிற ஒற்றை வண்ணம் காட்டிக்கொடுக்கும். ஆண்களுக்குத் திருப்பூர் பனியன் துணியில் தைத்த காலர் வைத்த டி-ஷர்ட் பகலுக்குப் போதும். பின்னல் துணி வளைந்து கொடுக்கும், உடையாது. இஸ்திரி வேண்டாத காட்டன் சட்டை என்று விற்பதும் நல்லதுதான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரூத் பெனரிட்டோ என்ற அமெரிக்க வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வின் பயன் அது. இழையின் மூலக்கூறுகளுக்கு நடுவே ஈரத்துக்கு அவிழாத கட்டு போட்டுவிடுகிறார்கள். காற்றோட்டம் கொஞ்சம் குறையும், நாலு நாளுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். லினன் மட்டும் யார் சொன்னாலும் கசங்கும். அந்தக் கசங்கலை விரும்புகிறவர்கள்தான் அதை உடுத்த வேண்டும்.

இனி தெருமுனை இஸ்திரி வண்டிக்கு வருவோம். கரிப் பெட்டியோ கேஸ் பெட்டியோ, அவர் கையில் இருக்கும் வித்தை எந்த ஸ்டீமரிலும் இல்லை. அவரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். "அண்ணே, கஞ்சி வேணாம். தேச்சு ஆறினப்புறம் மடிங்க." கஞ்சி போட்ட துணி நிமிர்ந்து நிற்கும், ஆனால் மடித்தால் கோடு கத்தி மாதிரி விழும். சூடும் ஈரமும் இருக்கும்போதே மடித்தால் அந்த மடிப்பும் இஸ்திரி போட்டது போல நிலைத்துவிடும். கிளம்பும் நாள் காலையில் அவசரமாகத் தேய்த்து வாங்காதீர்கள். முந்தின நாளே வாங்கி ஓர் இரவு ஹேங்கரில் தொங்கட்டும்.

பெட்டியில் சுருட்டி வைப்பதா, மடித்து வைப்பதா என்ற கேள்விக்குத் துணிதான் பதில் சொல்ல வேண்டும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ், பைஜாமா போன்றவற்றைச் சுருட்டுங்கள். நெய்த துணியைச் சுருட்டினால் பலன் குறைவு, இறுக்கிச் சுருட்டினால் உடம்பெல்லாம் வரி விழும். சட்டைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவில் உள்ளாடைகளை மெத்தை மாதிரி வைத்து, கைகளையும் ஓரங்களையும் அதைச் சுற்றி மடித்துப் பொட்டலமாகக் கட்டும் முறையே சிறந்தது. மடிப்புக்குள் மெத்தென்று ஏதாவது இருந்தால் கோடு கூராக விழாது. புடவையை ஒரு பழைய மெல்லிய காட்டன் வேட்டிக்குள் வைத்து மடிக்கச் சொன்னது என் அம்மா. டிரைகிளீனிங் கடையில் தரும் பாலித்தீன் உறையும் அதே வேலையைச் செய்யும், துணி வழுக்கிக்கொண்டு நகருமே தவிர அழுந்தாது. காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பைகள் இடத்தை மிச்சப்படுத்தும். கசங்கலுக்கு அவற்றைவிட மோசமானது கிடையாது.

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி உங்கள் அறைக்கு வர மணிக்கணக்காகலாம். முதல் நாள் மாலை உடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்த உடனே, குளிப்பதற்கும் முன்னால், எல்லாவற்றையும் எடுத்துத் தொங்கவிடுங்கள். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலைந்து வாங்கிப் போனால் அலமாரி நிரம்பினாலும் கவலையில்லை.

அதன் பிறகும் கசங்கல் தெரிந்தால்? குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தொங்கவிடலாம் என்று பலர் சொல்வார்கள். கப்பல் குளியலறை சின்னது, உறிஞ்சு விசிறி ஆவியை நிற்கவிடாது. நன்னீர் விலைமதிப்பான இடத்தில் தண்ணீர் வீணாவதுதான் மிச்சம். அதைவிட, சின்ன ஸ்பிரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் போதும். தொங்கும் காட்டன் சட்டையில் லேசாகத் தெளித்து, கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்து, கையால் நீவி, இரவெல்லாம் காயவிடுங்கள். பட்டில் மட்டும் தெளிக்காதீர்கள், திட்டு விழும். பேண்ட்டையும் வேட்டியையும் மெத்தைக்கு அடியில் விரித்துப் படுத்துவிடுங்கள். தலையணைக்கு அடியில் துணியை வைத்துப் படுத்துக் காலையில் மொடமொடவென்று எடுத்தது நம் தாத்தா காலத்து இஸ்திரி. சூடு இல்லாவிட்டாலும் எடையும் நேரமும் பாதி வேலையை முடித்துவிடும்.

காசு கொடுத்தால் கப்பல் சலவையகத்திலேயே தேய்த்துத் தருவார்கள். ஒவ்வொரு துணிக்கும் தனிக் கட்டணம். விருந்துக்கு உடுத்தும் ஒரே ஒரு உடையை அங்கே கொடுப்பது நியாயமான செலவு, மீதிக்கு அவசியமில்லை. வெளிநாட்டுக் கப்பலில் போகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கார்னிவல், பிரின்சஸ் நிறுவனங்களின் பல கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறை உண்டு. ராயல் கரீபியனில் அது கிடையாது.

கப்பல் புதுச்சேரிக் கடலில் நிற்கும் நாளுக்கு என்று தனியாக ஒரு உடை எடுத்து வையுங்கள். படகில் இறங்கும்போது உப்புநீர் தெறிக்கும், உப்பு காய்ந்த இடம் வெள்ளையாகத் திட்டுப் போடும். அன்றைக்குப் பட்டு வேண்டாம், வெள்ளை வேட்டியும் வேண்டாம். பூப்போட்ட காட்டனோ சுங்குடியோ உடுத்திக்கொண்டு உப்பளத்தில் இறங்குங்கள்.