பாகப்பிரிவினையும் பின்னக் கணக்கும்

மய்யித்தை அடக்கி வந்த வீட்டில் சில நாட்களில் சொத்துப் பேச்சு எழும். அங்கே பின்னம் கூட்டத் தெரியாவிட்டால் ஒருவருடைய ஹக்கு மற்றவர் கைக்குப் போய்விடும். ஆகவே இக்கணக்கை நாம் ஒவ்வொரு வீட்டிலும் கற்றிருக்க வேண்டும்.

குலசேகரத்தில் ஒருவர் 72 சென்ட் ரப்பர் விளையை விட்டு மௌத்தானார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவி, உம்மா, ஒரே மகள், உடன்பிறந்த தம்பி ஒருவர் இருக்கிறார்கள். மகனோ, வாப்பாவோ, பாட்டனாரோ இல்லை. அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக மீதியைத்தான் பங்கிட வேண்டும். 72 சென்ட் அப்படி மீந்தது என்போம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்களின்படி மனைவிக்கு 1/8, உம்மாவுக்கு 1/6, மகளுக்கு 1/2. மீதி தம்பிக்கு.

சிலர் 1/8, 1/6 இரண்டையும் கூட்டும்போது மேலும் கீழும் கூட்டி 2/14, அதாவது 1/7 என்பார்கள். உம்மாவின் 1/6 மட்டுமே 1/7ஐ விடப் பெரிது. இருவர் பங்கும் சேர்ந்து அதற்குக் குறையுமா? கீழ் எண்கள் ஒன்றானால்தான் கூட்டலாம். 8, 6, 2 ஆகிய மூன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 24.

மனைவி 3/24
உம்மா 4/24
மகள் 12/24
கூடுதல் 19/24

மீதி 5/24 தம்பிக்கு. ஒரு பங்கு 3 சென்ட். எனவே முறையே 9, 12, 36, 15 சென்ட். கூட்டினால் 72, கணக்கு சரி. பால் வெட்டி வரும் வருமானமும் இதே விகிதந்தான். மகளும் உம்மாவும் சேர்ந்து பெறுவது 16/24. இரண்டு எண்களையும் 8 ஆல் வகுத்தால் 2/3 எனச் சுருங்கும். சுருக்கினாலும் அளவு மாறாது.

சில சமயம் கூடுதல் ஒன்றைத் தாண்டும். மனைவி, இரண்டு மகள்கள், வாப்பா, உம்மா இருந்தால் 3, 16, 4, 4 சேர்ந்து 27/24 ஆகும். அப்போது யாரையும் விலக்காமல் சொத்தை 27 பங்காக்கி எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பார்கள். இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர். நான்கு மத்ஹபுகளும் இதை ஏற்கின்றன. மனைவிக்கு 3/27, சுருக்கினால் 1/9. அதே விளையில் 9 சென்ட் 8 ஆகும். அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இவ்விடையைச் சொன்னதாக வருவதால் இது ‘மிம்பரிய்யா’ எனப் பெயர் பெற்றது.

வாரிசுகளில் ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ பங்குகள் மாறும். ஆகவே ஆலிமிடம் கேட்டுத் தெளிவோம். பிறகு வீட்டுப் பெண்களையும் அருகில் வைத்துக்கொண்டு தாளில் போட்டுப் பார்ப்போம். தன் பங்கைத் தானே கூட்டிப் பார்க்கத் தெரிந்த உம்மாவை எவரும் ஏமாற்ற முடியாது.