எண்ணிக்கையும் தரமும்

ஒரு கடையை மதிப்பிடும்போது நாம் எத்தனை சரக்கு இருக்கிறதென்று மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை விலைபோகிறதென்றும் பார்க்கிறோம். ஆராய்ச்சியாளரின் கணக்கும் இத்தகையதே. அவர் வெளியிட்ட கட்டுரைகள் சரக்கு. பிறர் தம் கட்டுரைகளில் அவற்றை மேற்கோள் காட்டுவது விற்பனை. 2005-ல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் இதற்கோர் அளவுகோல் வகுத்தார். இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் இருபது முறையேனும் மேற்கோளாகியிருந்தால், அவருடைய எண் குறைந்தது 20.

இவ்வெண் ஒன்றே போதுமா? நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் பேட்டன் ரவுஸ், கோழியின் புற்றுக் கட்டியை அரைத்து, உயிரணுக்கள் நீங்க வடிகட்டி, அச்சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் புற்று உண்டாயிற்று. 1911-ல் இதை வெளியிட்டார். புற்றைக் கடத்தியது ஒரு வைரஸ் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆயினும் பல்லாண்டுகள் அறிஞர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1966-ல், தமது 87-வது வயதில், அவர் நோபல் பரிசு பெற்றார். இடையில் சென்றவை 55 ஆண்டுகள்!

எண் பொய்யன்று, ஆனால் அது விற்பனையைக் காட்டுமேயன்றிச் சரக்கின் தரத்தைக் காட்டாது. ஆகவே, ஆராய்ச்சிக்கு நன்கொடை வழங்குமுன் எண்ணைக் கேட்போம். செய்த வேலை யாதென்றும் கேட்போம்.