ஆராதனை முடிந்தும் மனம் வெறுமையாக இருந்தால்?

கேள்வி: ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறேன். கணவர் இறந்த பிறகு பாட்டும் ஜெபமும் வாயோடு நின்றுவிடுகின்றன. திருவிருந்து எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. என் விசுவாசம் அணைந்துவிட்டதா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை அம்மா. 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதரையும் இழந்து தனியே நிற்கும் ஒருவருடைய முறையீட்டோடு அப்படியே நின்றுவிடும். அதையும் வேதத்துக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் நூலாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவருக்கும் இதே வறட்சி இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

திருவிருந்துக்குக் கூச்சப்படாதீர்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், தன் அவிசுவாசத்தை மறைக்காமல் சொன்ன தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் குணமாக்கித்தான் அனுப்பினார்.

பாட முடியாத வாரம் பாட வேண்டாம். பக்கத்து பெஞ்சில் ஒரு பாட்டி, பாமாலைப் புத்தகத்தைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ராகம் பிசகினாலும் விடாமல் பாடுவார். கேட்டுக்கொண்டிருங்கள். அவர் உங்களுக்கும் சேர்த்துத்தான் பாடுகிறார். சபையாகக் கூடுவது இதற்குத்தானே! அடுத்த அசனத்துக்கு வெங்காயம் உரிக்கும் பெண்களோடு போய் உட்காருங்கள். அவர்களில் கணவரை இழந்தவர்களும் இருப்பார்கள். குருவானவரிடமும் சொல்லுங்கள், ஜெபக் குறிப்பாக எழுதிக் கொடுக்காமல், நேரில்.